மணலில் பிறந்த எழுத்து

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் முதல் ஏடு மணல்தான். தரையில் பரப்பிய மணலில் ஆசிரியர் பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து 'அ'வின் சுழியைத் தொடங்கி வைப்பார். விரல் நகரும்போதே வாய் 'அனா' என்று சொல்லும். பிறகு ஆவன்னா, இனா, ஈயன்னா. எழுத்தின் பெயர் அதன் ஒலியிலேயே தொடங்குவதால், வடிவமும் ஒலியும் ஒன்றாகவே மனத்தில் பதிந்தன. தப்பினால் உள்ளங்கையால் ஒரு தடவல். மணல் மறுபடியும் வெற்றிடம். பிழைக்கு அஞ்சாமல் நூறு முறை எழுதிப் பார்க்க இதைவிட நல்ல பலகை கிடைப்பது அரிது.

கை பழகிய பிறகே பனையோலையும் எழுத்தாணியும் வந்தன. கீறிய ஓலையில் கரி தடவினால்தான் எழுத்து தெளிவாகத் தெரியும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றார். உதவி ஆசிரியர் ஒத்துவரவில்லை. எட்டு வயது மாணவன் ஒருவனிடம் அந்த வேலையை ஒப்படைத்தார், அவன் செய்து காட்டினான். 1797இல் லண்டனில் வெளியான பெல்லின் நூல் வழியே, மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த வழி 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. இங்கிலாந்துப் பள்ளிகளிலும் குழந்தைகள் மணல் தட்டில் விரலால் எழுதத் தொடங்கினர். திண்ணைக்குரிய பெருமையை அந்தப் பெயர் பாதிதான் சொல்கிறது.

சிலேட்டும் அச்சிட்ட அரிச்சுவடியும் பரவியபின் மணல் ஒதுங்கியது. விஜயதசமியன்று தட்டில் பரப்பிய பச்சரிசியில் குழந்தையின் விரல் இன்றும் 'அ' எழுதுகிறது.