ஒற்றைக் கண்ணோடு 21 வருடம்

கனடாக்காரர்களுக்கு ஹாக்கி என்றால் பனித்தரையில் சறுக்கியபடி ஆடுவது. பந்து கிடையாது, 'பக்' என்கிற கெட்டி ரப்பர் வட்டு. மேலே பட்டால் எலும்பு முறியும்.

1958 ஜனவரி 18 அன்று மான்ட்ரியலில் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக இறங்கிய வில்லி ஓரீ, தேசிய ஹாக்கி லீகில் ஆடிய முதல் கறுப்பினத்தவர். இது பலரும் எழுதியது. அவருக்கு வலது கண் தெரியாது என்பதை மட்டும் அணியில் ஒருவரும் அறியவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பு பக் தாக்கிக் கண் போயிற்று. இனி ஆடாதே என்றார் டாக்டர். ஒற்றைக் கண்ணரைச் சேர்க்கக் கூடாது என்பது லீகின் விதி. மனிதர் வாயே திறக்கவில்லை!

பெரிய லீகில் அவருக்குக் கிடைத்தவை 45 ஆட்டங்கள், 4 கோல்கள். அவ்வளவுதான். எனக்குப் பெரிதாகப் படுவது அதன் பிறகு லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ என்று சின்ன லீக் அணிகளில் உழைத்த காலம்தான். அவர் ஆடியது இடது ஓரம். வட்டு வருவதோ வலப்புறமிருந்து, அதாவது தெரியாத பக்கத்திலிருந்து. ஒவ்வொரு முறையும் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பயிற்சியாளர் அவரை வலது ஓரத்துக்கு மாற்றினார். 1964-65 பருவத்தில் 38 கோல்!

1967இல் பெரிய லீக் ஆறு அணிகளிலிருந்து பன்னிரண்டாக வளர்ந்தது. அப்போதும் அவரைக் கூப்பிடவில்லை. 1979இல், 43 வயதில் ஓய்வு. பிறகு ஓட்டலில் காவல் வேலை பார்த்தார். ஹாக்கியின் புகழ் மன்றத்தில் அவர் பெயர் ஏறியது 2018இல். அப்போது வயது 83.