கற்பனை ராஜ்யங்களில் கல்யாணம்

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் ஓர் இடம். காட்டில் வசிக்கும் பாண்டுவுக்குப் பிள்ளை வேண்டும். சாபத்தினால் அவன் மனைவியை நெருங்க முடியாது. வேறொருவர் மூலம் பிள்ளை பெற்றுத் தரும்படி குந்தியை வேண்டுகிறான். அவள் சம்மதிக்கவில்லை. அப்போது அவன் எடுத்து வைக்கும் வாதம் விசேஷமானது. ஆதிகாலத்தில் பெண்களுக்கு எந்தக் கட்டும் கிடையாது. அப்படி இருப்பது அன்று குற்றமும் அல்ல. உத்தரகுருவில் அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. நடுவிலே சுவேதகேது என்கிற ரிஷிகுமாரன், தன் தாயை வேறொருவர் கையைப் பிடித்து அழைத்துப் போனதைக் கண்டு கோபம் கொண்டு, இந்த வரம்பை ஏற்படுத்திவிட்டான். இப்படியெல்லாம் சொல்லி அவளை இணங்க வைக்கப் பார்க்கிறான்.

உத்தரகுருவைக் கண்டு வந்தவர் யாரும் நமக்குத் தெரிய இல்லை. இருந்தாலும், கண்ணால் காணாத அந்த நாடு ஒரு புருஷனுக்கும் மனைவிக்கும் நடுவில் சாட்சிக்கூண்டில் ஏறி நிற்கிறது! கற்பனை நாடுகளின் உபயோகமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'அங்கே அப்படி இருக்கிறதே' என்று சொல்லி, 'இங்கே ஏன் இப்படி?' என்று கேட்பதற்காகத்தான் மனிதன் இல்லாத ஊர்களுக்கு வழி போடுகிறான்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லுவேன். புது நாடு ஒன்றைக் கற்பனை செய்வதில் மலையும் ஆறும் பெரிய காரியமல்ல. ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். ராஜாவும் சேனையும்கூடச் சுலபம். 'இந்த ஊரில் யார் யாரைக் கல்யாணம் செய்து கொள்ளலாம்? யாரைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்?' என்ற இடத்துக்கு வந்ததும்தான் பேனா தயங்கும். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது ஆசிரியன் தன்னையே எழுதிவிடுகிறான். எந்த வேஷம் போட்டாலும் அங்கே கலைந்துவிடுகிறது. சரித்திரத்தில் பெயர் பெற்ற சில கற்பனை ராஜ்யங்களுக்கு வாசகர்களை அழைத்துக்கொண்டு போய், அங்கு நடக்கும் கல்யாணங்களை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் யுடோப்பியா. இங்கிலாந்தில் சர் தாமஸ் மோர் லத்தீனில் எழுதி 1516-ல் வெளியான புத்தகம். அந்தத் தீவில் பெண்ணுக்கு 18 வயதுக்கு முன்னும் ஆணுக்கு 22 வயதுக்கு முன்னும் விவாகம் இல்லை. விவாகத்துக்கு முன் தவறினவர்களுக்கு, அரசன் மன்னித்தாலொழிய, ஆயுள் முழுவதும் கல்யாணமே கிடையாது. விவாகத்துக்குப் பின் தவறினால் அடிமைத்தனம். இரண்டாம் முறை தவறினால் மரணம். இவ்வளவு கடுமையான ஊரில் ஒரு விசித்திரமான சம்பிரதாயமும் உண்டு. பெரிய மனுஷி ஒருத்தி மணப்பெண்ணை ஆடையின்றி மாப்பிள்ளைக்குக் காட்டுவாள். அதேபோல மாப்பிள்ளையையும் நம்பிக்கையான ஒருவர் மணப்பெண்ணுக்குக் காட்டுவார். அதற்கு அவர்கள் சொல்லும் நியாயம்: அற்ப விலைக்குக் குதிரை வாங்கும்போதுகூடச் சேணத்தைக் கழற்றிப் பார்க்கிறோமே, ஆயுளுக்கும் சேர்ந்து வாழ வேண்டியவரை முகத்தை மட்டும் பார்த்து ஏற்றுக்கொள்ளலாமா என்பது.

நம்மவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பெண்ணும் மாப்பிள்ளையைப் பார்க்கிறாள். அந்த அளவுக்கு மோர் நேர்மையானவர். பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்துக்கும் அவர் இடம் வைத்தார். ஆனால் சபையின் அங்கத்தினர்களும் அவர்களுடைய மனைவிமார்களும் நன்றாக விசாரித்த பிறகுதான் அனுமதி. இத்தனைக்கும் நடுவே, பண்டிகை நாளில் மனைவி கணவன் காலில் மண்டியிட்டுத் தன் குற்றங்களை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். கணவன் யார் காலில் விழுவது என்பதற்கு அவர் புத்தகத்தில் விதி இல்லை.

இதை எழுதிய மனிதரின் முடிவு எல்லோருக்கும் தெரிந்த கதை. எட்டாம் ஹென்றி ராணி காதரினைத் தள்ளிவிட்டு ஆன் போலினை மணந்தான். அதன் தொடர்ச்சியாக வந்த சட்டங்களுக்குப் பிரமாணம் செய்ய மறுத்ததனால், 1535 ஜூலை 6-ந் தேதி மோரின் தலை உருண்டது. கற்பனைத் தீவில் விவாகரத்துக்கு இடம் கொடுத்தவர், நிஜ நாட்டில் ஒரு ராஜாவின் விவாகச் சிக்கலினால் உயிரை விட்டார். புத்தகத்தில் எழுதுவது வேறு, பிரமாணம் செய்வது வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது சூரிய நகரம். கட்டியவர் காம்பனெல்லா என்ற இத்தாலியப் பாதிரியார். ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 1599 முதல் 1626 வரை சிறையில் இருந்தவர், சித்திரவதையும் பட்டவர். 1602-ல் நேப்பிள்ஸ் சிறையில் இதை எழுதினார், 1623-ல் அச்சாயிற்று. அந்த நகரத்தில் சொந்த வீடு இல்லை, சொந்தச் சொத்து இல்லை. ஆகவே சொந்த மனைவியும் இல்லை. யார் யாரோடு சேர வேண்டும் என்று தீர்மானிக்க உத்தியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். அந்த இலாகாவின் தலைவருக்குப் பெயர் 'காதல்'! பருத்த பெண்ணுக்கு மெலிந்த ஆண், மெலிந்தவளுக்குப் பருத்தவன் என்று எடை பார்த்துச் சேர்க்கிறார்கள். நேரத்தை வைத்தியரும் ஜோசியரும் கூடிக் குறித்துக் கொடுக்கிறார்கள். முகத்துக்குச் சாயம் பூசினாலோ, உயரமாகத் தெரிவதற்காகக் குதிகால் உயர்ந்த பாதரட்சை அணிந்தாலோ, அந்தப் பெண்ணுக்கு மரண தண்டனை. நாய்க்கும் குதிரைக்கும் நல்ல ஜாதி பார்த்துச் சேர்க்கிற நீங்கள் மனித ஜாதியை மட்டும் கவனிக்காமல் விடுகிறீர்களே என்று அந்த நகரவாசிகள் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம்.

மறுபடியும் குதிரை வந்துவிட்டதைப் பார்த்தீர்களா? இருட்டறையில் விலங்கோடு கிடந்த ஒரு மனிதன் சுதந்திரமான உலகம் ஒன்றைக் கனவு காண்கிறான். அந்த உலகத்திலும், யாரை அணைப்பது, எந்த நாழிகையில் அணைப்பது என்பதை ஓர் அதிகாரி சொல்கிறான். தன்னை அடைத்து வைத்த அதிகாரத்தையே அவர் பெண்கள் வீட்டு வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பைவிட வருத்தமே அதிகம் உண்டாயிற்று.

நூறு வருஷம் கழித்து வந்தார் ஜோனதன் ஸ்விஃப்ட். குதிரையை உவமையாக வைத்துப் பேசினது போதும் என்று, குதிரைகளுக்கே ஒரு நாட்டைக் கொடுத்துவிட்டார். 1726-ல் வெளியான கலிவரின் யாத்திரையில் நாலாவது பாகம் அது. பகுத்தறிவு ஒன்றையே தெய்வமாகக் கொண்ட அந்தக் குதிரைகளின் நாட்டில் காதல் இல்லை, பரிசு இல்லை, சீதன ஒப்பந்தம் இல்லை. பெற்றோரும் சிநேகிதர்களும் நிச்சயம் செய்தால் கல்யாணம் முடிந்தது. முக்கியமாகப் பார்க்கப்படுவது நிறப் பொருத்தம்! இரண்டு நிறம் கலந்து பார்வைக்கு நன்றாயில்லாத குட்டி பிறந்துவிடக் கூடாது என்பது அவைகளின் கவலை. ஆண் ஒன்று, பெண் ஒன்று பிறந்ததும் தாம்பத்தியம் நிறுத்தப்படும். இரண்டும் ஆணாகப் பிறந்துவிட்டால், இரண்டும் பெண்ணாகப் பிறந்த வீட்டோடு ஒன்றை மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்விஃப்ட் இதைப் புகழ்ந்தாரா, கேலி செய்தாரா என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரங்களைப் படிக்கிறவர்களுக்கு அந்தக் குதிரைகள் அந்நியமாகத் தோன்றமாட்டா. குலம், கோத்திரம், உயரம், நிறம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பெண் என்ன நினைக்கிறாள் என்பதற்கு வரி ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் கட்டுவார் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்தது. டோல்கியன் என்ற ஆக்ஸ்போர்டு ஆசிரியர் மாய உலகம் ஒன்றையே உண்டாக்கினார். அங்கே வாழும் எல்ஃப் என்ற அமர ஜாதியாரின் விவாக வழக்கங்களைப் பற்றி 1950-களின் பிற்பகுதியில் அவர் எழுதி வைத்த கட்டுரை, அவர் காலமான பிறகு 1993-ல் அச்சில் வந்தது. நிச்சயதார்த்தத்தில் வெள்ளி மோதிரம். குறைந்தது ஒரு வருஷம் கழித்துக் கல்யாணத்தில் பொன் மோதிரம். சடங்கு அழகுதானே தவிர அவசியமில்லை. இருவரும் மனமொத்துச் சேர்வதே விவாகம். ஒருவருக்கு ஒரே முறைதான் கல்யாணம். சாவில்லாத ஜாதி அது. உடல் அழிந்தாலும் உயிர் ஓரிடத்தில் காத்திருந்து திரும்பி வரலாம்.

இங்கேதான் டோல்கியன் ஒரு நல்ல நாவலாசிரியனின் கேள்வியைக் கேட்கிறார். பின்வே என்ற அரசனின் மனைவி மீரியல், ஒரு பிள்ளையைப் பெற்றதோடு சக்தியெல்லாம் வற்றி, வாழ விருப்பமின்றி உயிரை விட்டுவிடுகிறாள். அரசன் இந்திஸ் என்பவளை மணக்க ஆசைப்படுகிறான். மனைவி திரும்பி வரக்கூடும் என்கிறபோது இரண்டாம் கல்யாணம் எப்படி? தேவர்கள் சபை கூட்டி வாதாடுகிறார்கள். இறந்தவள் 'இனித் திரும்பேன்' என்று சம்மதித்தால்தான் அனுமதி என்று தீர்ப்பாகிறது. இறந்துபோன மனைவியிடம் போய்ச் சம்மதம் கேட்கிறார்கள்! மோரும் காம்பனெல்லாவும் உயிரோடிருந்த பெண்களிடம் காட்டாத மரியாதை இது. ஆனாலும் முதல் மனைவியின் பிள்ளைக்கு மாற்றாந்தாயின் மக்களைப் பிடிக்கவில்லை. அந்தக் கசப்பு அந்த ராஜ்யத்தையே பிளக்க உதவிற்று. சட்டம் சரியாக இருந்தாலும் பிள்ளையின் மனம் ஆறவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

1969-ல் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் உர்சுலா லெ குவின் பனி மூடிய கெத்தன் என்ற கிரகத்தைப் படைத்தார். அங்குள்ளவர்கள் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. ஏறக்குறைய 26 நாளுக்கு ஒரு முறை, சில நாட்களுக்கு மட்டும், ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார். இந்தத் தடவை என்னவாக மாறுவோம் என்பது அவருக்கே தெரியாது. இன்று தகப்பனானவர் நாளை தாயாகலாம். ராஜாவே கர்ப்பம் தரிக்கிறார். பிள்ளை பெறும் பாரம் யார் தலையிலும் விழலாம் என்றால், 'பெண் ஜென்மம்' என்று ஒரு ஜென்மத்தை ஒதுக்கி வைக்க முடியாதல்லவா? அந்த நாட்டிலும் ஆயுள் முழுவதற்கும் ஒருவருக்கொருவர் சபதம் செய்துகொள்ளும் வழக்கம் இருக்கிறது; பிரியலாம், ஆனால் இரண்டாவது சபதம் இல்லை. சேர்க்கை என்றால் ஆணும் பெண்ணுமாகத்தான் என்று வைத்து, தாம் கற்பனையைத் தேவையில்லாமல் குறுக்கிவிட்டதாகப் பிற்காலத்தில் லெ குவினே எழுதினார். எவ்வளவு தூரம் பறந்தாலும் நம் ஊர் மண் காலில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

கடைசியாகச் சொல்ல வேண்டிய நாட்டைக் காலவரிசையை மாற்றி வைத்திருக்கிறேன். அது நம் சென்னையிலிருந்து வெளிவந்த நாடு! 1905-ல் கமலா சத்தியநாதன் நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸீன்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் 'சுல்தானாவின் கனவு' என்றொரு கதை வந்தது. எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன் என்ற வங்காள முஸ்லிம் மாது. கோஷாவில் வளர்ந்தவர், அண்ணனிடம் ரகசியமாக ஆங்கிலம் படித்தவர், இருபது வயது நிறையும் முன்பே, தம்மைவிட வயதில் மிகவும் மூத்த ஓர் உத்தியோகஸ்தருக்கு வாழ்க்கைப்பட்டவர். கணவர் பிரயாணம் போயிருந்தபோது பொழுது போவதற்காக எழுதினாராம். திரும்பி வந்த கணவர் உட்காராமல் நின்றபடியே படித்து முடித்து, பயங்கரமான பழிவாங்கல் என்று சொன்னாராம்.

அவருடைய நாரீ ராஜ்யத்தில் ஆண்கள்தாம் அந்தப்புரத்தில் இருக்கிறார்கள். சமைக்கிறார்கள், குழந்தை பார்த்துக்கொள்கிறார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தைக் கொண்டு அடுப்பெரித்து, ஆகாயத்தில் வண்டி ஓட்டி, ராஜ்யத்தை ஆளுகிறார்கள். ஆண்களைப் பூட்டி வைத்ததும், பயப்படாமல் நடக்கத் தெருவும் கிடைத்துவிட்டது. அந்த நாட்டு ராணி பிறப்பித்த சட்டங்களில் ஒன்று: 21 வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் விவாகம் கூடாது.

ஆகாய வண்டியைவிட இந்தச் சட்டத்துக்குத்தான் அன்று துணிச்சல் அதிகம் வேண்டியிருந்தது. 1891-ல் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தினதற்கே தேசம் அமளிப்பட்டது. 1929-ல் சாரதா சட்டம் வந்தபோதும் பெண்ணின் விவாக வயது 14 தான். 18 ஆனது 1978-ல். 21 ஆக்க 2021-ல் பார்லிமெண்டில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். நிறைவேறாமலே அந்த லோக்சபையின் ஆயுள் முடிந்துவிட்டது. ஆகாய விமானமும் சூரிய அடுப்பும் நம் வீட்டு வாசலுக்கு எப்போதோ வந்துவிட்டன. ராணியின் சட்டம் மட்டும் இன்னும் வழியில் இருக்கிறது.

எந்த வயது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கற்பனை நாடு எதுவானாலும், அங்கே எத்தனை கட்டுப்பாடு, எத்தனை சுதந்திரம் என்று கணக்குப் பார்ப்பதில் பயனில்லை என்பதே என் எண்ணம். கட்டுப்பாட்டின் பெயராலும் பெண்ணைக் குதிரையாக்கலாம். சுதந்திரத்தின் பெயராலும் ஆக்கலாம் என்று பார்த்துவிட்டோம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த ஊரில் அவளைக் கேட்டார்களா?

குந்தியின் கதையில் மீதியையும் சொல்லிவிடுகிறேன். கணவனுக்காக அவள் மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். பாண்டு இன்னும் வேண்டுமென்றான். இதற்கு மேல் தர்மமில்லை என்று குந்தி மறுத்துவிட்டாள். உத்தரகுரு நாட்டின் சாட்சியம் அதற்கு மேல் செல்லவில்லை.