கார்பன் கிரெடிட்: ஓக்லா குப்பையின் கணக்கு

ஒரு டன் கரியமில வாயு வெளியேறாமல் தடுத்ததற்கான சான்றே ஒரு கார்பன் கிரெடிட். அதை வாங்கும் நிறுவனம் தன் புகைக்கு ஈடு செய்ததாகக் கணக்கெழுதும். திட்டம் இல்லாதிருந்தால் எவ்வளவு வெளியேறியிருக்கும் என்னும் அனுமானமே இதன் அடித்தளம். நாம் கேள்வி எழுப்ப வேண்டிய இடமும் அதுவே.

தில்லி ஓக்லாவில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை, கியோட்டோ உடன்படிக்கையின் தூய்மை மேம்பாட்டுச் செயல்முறையில் பதிவு பெற்றது. குப்பை மட்கி மீத்தேன் வெளியாவதைத் தடுக்கிறதாம்! அதே குப்பையிலிருந்து காகிதத்தையும் நெகிழியையும் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பி உமிழ்வைக் குறைத்துவந்தோர் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள். பலரும் தலித்துகள், இஸ்லாமியர். நன்றாக எரிவதும் அக்காகிதமும் நெகிழியுமே. ஆலையின் எரிபொருள் அவர்களது கூலி.

உள்ளூர் மக்களின் கருத்தைக் கேட்க அச்செயல்முறை கட்டாயப்படுத்தியது. பாதிக்கப்பட்டோர் முறையிட அமைப்பேதும் ஏற்படுத்தவில்லை. 2022ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புத் திருத்தச் சட்டம் இந்தியாவிலேயே கார்பன் சந்தைக்கு வழிதிறந்துள்ளது. அதன் விதிகளில் முறையீட்டுப் பிரிவைத் தேடுவது நமது முதல் வேலை.