நாய் இனப்பெருக்கப் பண்ணைகள்: விதிகள் சொல்வது என்ன? குட்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை எவை?

கோலார் தங்கவயல்: விற்பனைக்காக நாய்களை இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்திடம் பதிவு பெறுவது கட்டாயம் என மத்திய அரசு 2017-ஆம் ஆண்டிலேயே விதி வகுத்துள்ளது. பெண் நாயை எந்த வயதில் இணை சேர்க்கலாம், அது எத்தனை முறை குட்டி ஈனலாம் என்பது வரை அவ்விதிகளில் வரையறை உள்ளது. எனினும், அவ்விதிகளை மீறுவோருக்கு 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச அபராதம் 100 ரூபாய். அதிகபட்ச சிறைத் தண்டனை 3 மாதங்கள்.

விரிவான விதிகளுக்கும் குறைந்த தண்டனைக்கும் இடையிலான இந்த இடைவெளியில் பெரிதும் பாதிக்கப்படுபவை தாய் நாய்கள். குட்டி வாங்குவோரின் பார்வைக்கு வருவது குளிப்பாட்டிச் சீவிய குட்டி மட்டுமே. அதை ஈன்ற நாய் எங்கே, எந்த நிலையில் உள்ளது என்பது பெரும்பாலான விற்பனைகளில் வெளியே தெரிவதில்லை.

தமிழர்கள் பெருமளவில் வாழும் கோலார் தங்கவயல், பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, இங்கிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலைக்காக நாள்தோறும் ரயிலில் பெங்களூரு சென்று திரும்புகின்றனர். உயர்ரக நாய்க்குட்டிகளுக்கும் இப்பகுதியினருக்கு அருகில் உள்ள பெரிய சந்தை பெங்களூருதான். இப்பின்னணியில், இத்தொழிலை நெறிப்படுத்தும் சட்டங்கள், அவற்றின் குறைபாடுகள், புகார் அளிக்கும் வழிகள் ஆகியவற்றை இத்தொகுப்பு விளக்குகிறது.

பண்ணைகளில் நிகழும் மீறல்கள்

நெருக்கடியான கூண்டுகள், கழிவு அகற்றப்படாத தரை, போதிய வெளிச்சமும் காற்றும் இல்லாத அறைகள், நடமாட இடமின்மை ஆகியவை முறையற்ற பண்ணைகளில் பொதுவாகக் காணப்படும் குறைபாடுகள். இவற்றைவிடக் கடுமையானது ஓய்வின்றி இனப்பெருக்கம் செய்ய வைப்பது.

பெண் நாய்கள் பொதுவாக ஆண்டுக்கு இரு முறை இனப்பெருக்கப் பருவத்தை அடைகின்றன. கர்ப்பகாலம் ஏறத்தாழ 63 நாள்கள். அதன் பின் குட்டிகளுக்குப் பல வாரங்கள் பாலூட்ட வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் இணை சேர்த்தால், வாழ்நாள் முழுமைக்கும் விதி அனுமதிக்கும் 5 ஈற்றுகளை ஒரு நாய் இரண்டரை ஆண்டுகளுக்குள் கடந்துவிடும். இடைவெளி கிடைக்காத தாயின் உடல் நலிவதுடன், குட்டிகளும் எடை குறைந்து பிறக்கும் ஆபத்து உள்ளது.

ஓர் இனத்தின் தோற்றம் மாறாமல் இருக்க நெருங்கிய உறவுள்ள நாய்களை இணைப்பது மற்றொரு சிக்கல். இதனால் இடுப்பு மூட்டுக் குறைபாடு, இதய நோய் போன்ற மரபுவழிப் பாதிப்புகள் அடுத்த தலைமுறைக்குத் தொடர்கின்றன. பக், பிரெஞ்ச் புல்டாக் போன்ற தட்டை முக இனங்களில், குட்டையான முகத்துக்காகவே தொடர்ந்து தேர்வு செய்து இனப்பெருக்கம் செய்ததால் மூச்சுத்திணறல் பரவலாக உள்ளது. இவற்றில் பல நாய்களுக்கு அறுவை சிகிச்சை மூலமே பிரசவம் நடக்கிறது.

குட்டிகளைத் தாயிடமிருந்து முன்கூட்டியே பிரிப்பதும் பாதிப்பை ஏற்படுத்துகிறது. மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ 12 வாரங்கள் வரையிலான காலத்தில்தான் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் பழகி, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எதற்கு அஞ்ச வேண்டாம் என்பதை அவை கற்கின்றன. நான்கு, ஐந்து வாரங்களில் பிரிக்கப்படும் குட்டிகள் பிற்காலத்தில் மிகுந்த அச்சமோ மூர்க்கமோ கொண்டவையாக மாறும் வாய்ப்பு அதிகம்.

தூய்மையற்ற, நெரிசலான இடங்களில் பார்வோ வைரஸ் எளிதில் பரவுகிறது. கழிவின் மூலம் பரவும் இக்கிருமி, தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. தொற்று ஏற்பட்ட சில நாள்களுக்குப் பிறகே வாந்தி, ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு போன்ற அறிகுறிகள் தோன்றும். எனவே, விற்பனையின்போது துள்ளி விளையாடிய குட்டி, வாங்கியவர் வீட்டை அடைந்த ஒரு வாரத்துக்குள் உயிருக்குப் போராடும் நிலை ஏற்படுகிறது.

2017 விதிகளின் முக்கிய அம்சங்கள்

நாய் இனப்பெருக்கத் தொழிலை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான இந்திய சட்ட ஆணையம் 2015 ஆகஸ்டில் தனது 261-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதைத் தொடர்ந்து, விலங்குகள் வதைத் தடுப்பு (நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை) விதிகள் 2017 மே 23-ஆம் தேதி அறிவிக்கை செய்யப்பட்டன. அவற்றின் முக்கிய அம்சங்கள்:

• மாநில விலங்கு நல வாரியத்தின் பதிவுச் சான்றிதழ் இன்றி இனப்பெருக்கத்திலோ விற்பனையிலோ ஈடுபடக் கூடாது. பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய்; சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குச் செல்லும்.

• 18 மாதங்கள் நிறைவடையாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது. 8 வயதைக் கடந்த நாயையும் இணை சேர்க்கக் கூடாது.

• 12 மாதங்களில் ஒரு முறைக்கு மேலும், வாழ்நாளில் 5 முறைக்கு மேலும் ஒரு நாயை ஈன வைக்கக் கூடாது.

• 8 வாரங்கள் நிறைவடையாத குட்டிகளை விற்கக் கூடாது.

• விற்கப்படும் குட்டிகளுக்குத் தடுப்பூசி செலுத்தி, மைக்ரோசிப் பொருத்தி, அதற்கான ஆவணங்களை வாங்குபவரிடம் அளிக்க வேண்டும்.

• நாய்களின் இனம், ஈற்றுகள், விற்பனை, இறப்பு ஆகியவை குறித்த பதிவேடுகளைப் பராமரிக்க வேண்டும்.

• தோற்றத்துக்காக வாலை வெட்டுவதும் காதைக் கத்தரிப்பதும் கூடாது.

செல்லப்பிராணி கடைகளுக்கெனத் தனி விதிகள் 2018-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. அக்கடைகளும் மாநில வாரியத்திடம் பதிவு பெற வேண்டும்.

அரசுப் பண்ணைக்கும் எழுந்த கேள்வி

இப்பிரச்னை தனியார் பண்ணைகளுடன் முடிந்துவிடவில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நாட்டின நாய்களைப் பாதுகாக்க தமிழக அரசின் கால்நடை பராமரிப்புத் துறை சென்னை சைதாப்பேட்டையில் இனப்பெருக்க நிலையம் ஒன்றை நடத்திவந்தது. அங்கு நாய்கள் பராமரிக்கப்பட்ட விதம் குறித்து விலங்கு நல ஆர்வலர்கள் தொடுத்த வழக்கில், அந்நிலையத்தை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்த 2017 தொடக்கத்தில் இந்த உத்தரவு பெரும் விவாதமானது. நாட்டின நாய்களை அழிக்கும் முயற்சி என ஒரு தரப்பினர் எதிர்த்தனர். இனத்தைக் காப்பது அந்த இனத்தைச் சேர்ந்த ஒவ்வொரு நாயின் நலனையும் புறக்கணிக்கும் உரிமையைத் தந்துவிடாது என்பது மற்றொரு தரப்பினரின் வாதமாக இருந்தது.

தண்டனை ஏன் அச்சுறுத்தவில்லை?

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, போதிய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பதையும், உணவு, நீர், உறைவிடம் தர உரிமையாளர் தவறுவதையும் குற்றமாகக் கருதுகிறது. முதல் முறை குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே அபராதம். 3 ஆண்டுகளுக்குள் மீண்டும் அதே குற்றம் செய்தால் 25 ரூபாய் முதல் 100 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதங்கள் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் இயற்றப்பட்ட 1960-ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட இத்தொகை, ஒரு குட்டி ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கப்படும் இன்றைய நிலையில் எந்தப் பண்ணைக்கும் சுமையாகாது.

நடைமுறையில் மேலும் இரு தடைகள் உள்ளன. கூண்டில் அடைத்தல், பட்டினி போடுதல் போன்ற குற்றங்களில் நீதித்துறை நடுவரின் அனுமதி இன்றி போலீஸார் புலன்விசாரணை நடத்த இயலாது. அத்துடன், குற்றம் நிகழ்ந்த 3 மாதங்களுக்குள் வழக்கு தொடரப்பட வேண்டும் என்று 36-ஆவது பிரிவு கூறுகிறது. அனுமதி பெறுவதிலேயே வாரங்கள் கழிந்தால் வழக்கு காலாவதியாகிவிடும்.

விலங்கைக் கொல்வது, ஊனப்படுத்துவது ஆகிய குற்றங்களுக்கு பாரதிய நியாய சம்ஹிதாவின் 325-ஆவது பிரிவின்கீழ் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆனால், மெல்ல மெல்ல நலிவை ஏற்படுத்தும் பராமரிப்புக் குறைபாடுகளை அப்பிரிவின்கீழ் கொண்டுவருவது கடினம்.

ஜல்லிக்கட்டு தொடர்பாக 2014 மே 7-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், பசி, அசௌகரியம், வலி, அச்சம் ஆகியவற்றிலிருந்து விடுபட்டு இயல்பான நடத்தையுடன் வாழும் ஐந்து சுதந்திரங்கள் விலங்குகளுக்கு உண்டு என உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. தண்டனையை உயர்த்த வேண்டும் என்பதையும் அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. தண்டனைகளைக் கடுமையாக்கும் சட்டத்திருத்த வரைவை மத்திய அரசு 2022 நவம்பரில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது.

எந்த இனம் என்பதில் மட்டுமே கவனம்

அண்மைக் கால அரசு நடவடிக்கைகள் பலவும் எந்த இனத்தை அனுமதிப்பது என்பதைச் சுற்றியே அமைந்துள்ளன. வணிக ரீதியிலான இனப்பெருக்கத்துக்காக நாய்களை இறக்குமதி செய்ய 2016 ஏப்ரலில் தடை விதிக்கப்பட்டது. 23 இன நாய்கள் மனிதர்களுக்கு ஆபத்தானவை என்றும், அவற்றின் விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் அனுமதி வழங்கக் கூடாது என்றும் 2024 மார்ச் 12-ஆம் தேதி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதை கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 10-ஆம் தேதி ரத்து செய்தது. அதே ஆண்டில், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு உள்ளிட்ட வெப்பத்துக்குப் பொருந்தாத இனங்களின் இனப்பெருக்கத்துக்குத் தடை கோரும் கொள்கையை தமிழக அரசு வெளியிட, அதற்கு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எந்த இனமானாலும் தாய் நாய் எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்ற கேள்வி இவ்விவாதங்களில் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

அக்கேள்வியைப் பரவலாகக் கொண்டு சேர்த்ததில் ஒரு கன்னடத் திரைப்படத்துக்குப் பங்கு உண்டு. கிரண்ராஜ் இயக்கத்தில் ரக்ஷித் ஷெட்டி நடித்து 2022 ஜூனில் வெளியான '777 சார்லி', கொடுமை நிறைந்த பண்ணையிலிருந்து தப்பிவரும் லாப்ரடார் நாயின் கதை. முறையற்ற இனப்பெருக்கத்தின் விளைவுகளைப் பேசிய இப்படம் தமிழிலும் வெளியானது. சிறந்த கன்னடத் திரைப்படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது.

பிற நாடுகளின் அணுகுமுறை

வேல்ஸ் பண்ணை ஒன்றிலிருந்து 2013-ஆம் ஆண்டில் மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பெயரால் அழைக்கப்படும் சட்டம், இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் அமலில் உள்ளது. இதன்படி, 6 மாதங்களுக்கு உள்பட்ட குட்டிகளை இடைத்தரகர்களோ கடைகளோ விற்க முடியாது. இனப்பெருக்கம் செய்பவரே, குட்டி பிறந்த இடத்திலேயே, தாயுடன் காட்டி விற்க வேண்டும். கடைகளில் நாய், பூனை விற்பனைக்கு பிரான்ஸ் 2024 ஜனவரி முதல் தடை விதித்துள்ளது. வாங்குபவரின் கண்ணுக்குத் தாய் தெரிய வேண்டும் என்பதே லூசி சட்டத்தின் மையக் கருத்து. இந்தியாவில் இதைச் சட்டம் வரும் வரை காத்திராமல் வாங்குபவரே செயல்படுத்த முடியும்.

வாங்குவோர் கவனத்துக்கு

• மாநில விலங்கு நல வாரியத்தின் பதிவுச் சான்றிதழைக் கேட்டு, காலாவதி தேதியைச் சரிபார்க்க வேண்டும். கென்னல் கிளப் சான்றிதழ் குட்டியின் வம்சாவளியைக் காட்டுவது. அது அரசுப் பதிவுக்கு மாற்று அல்ல.

• தாய் நாயை அது வளரும் இடத்திலேயே நேரில் பார்க்க வேண்டும். பேருந்து நிலையத்திலோ சாலையோரத்திலோ குட்டியைத் தருவதாகக் கூறினால் தவிர்ப்பது நல்லது.

• குட்டியின் வயது 8 வாரங்களைக் கடந்துள்ளதா என்பதைக் கால்நடை மருத்துவர் மூலம் உறுதி செய்யலாம். பற்களின் வளர்ச்சியிலிருந்து அவரால் வயதைக் கணிக்க இயலும்.

• தடுப்பூசி அட்டை, மைக்ரோசிப் எண், ரசீது ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். புகார் அளிக்க நேர்ந்தால் இவையே ஆதாரம்.

• பரிதாபப்பட்டு நோயுற்ற குட்டியை விலை கொடுத்து வாங்கினால், அந்த இடத்தில் அடுத்த ஈற்றுக்கு அப்பணம் பயன்படும். வாங்குவதற்குப் பதில் புகார் அளிப்பதே தாய் நாய்க்கு உதவும்.

புகார் அளிப்பது எப்படி?

நிர்வாக ரீதியில் கோலார் மாவட்டத்தைச் சேர்ந்தபோதிலும், தங்கவயலுக்குத் தனிக் காவல் கண்காணிப்பாளர் உள்ளார். எனவே, இப்பகுதியினர் காவல் துறைப் புகார்களை உள்ளூர்க் காவல் நிலையம் அல்லது தங்கவயல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் அளிக்க வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை தொடர்பான புகார்களைக் கோலாரில் உள்ள மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் அமைக்கப்பட வேண்டிய விலங்குகள் வதைத் தடுப்புச் சங்கத்திடமும், கர்நாடக மாநில விலங்கு நல வாரியம் மற்றும் இந்திய விலங்கு நல வாரியத்திடமும் புகார் அளிக்கலாம்.

புகாரில் இடத்தின் முகவரி, பார்த்த தேதி, நாய்களின் தோராய எண்ணிக்கை, புகைப்படம் அல்லது காணொலி, விற்பனை விளம்பரத்தின் நகல் ஆகியவற்றை இணைப்பது விசாரணைக்கு உதவும். வழக்கு தொடர 3 மாதக் கெடு இருப்பதால், தேதியைத் தெளிவாகக் குறிப்பிட்டு, தாமதமின்றி எழுத்துபூர்வமாகப் புகார் அளித்து ஒப்புகைச் சீட்டு பெறுவது அவசியம்.

பறிமுதல் செய்யப்படும் நாய்களை, வழக்கு முடியும் வரை விலங்கு நல அமைப்புகளின் பராமரிப்பில் வைக்க 2017-ஆம் ஆண்டின் மற்றொரு விதித்தொகுப்பு வகை செய்கிறது. அதற்கான செலவை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கவும் அதில் இடமுண்டு. 100 ரூபாய் அபராதத்தைப் பொருட்படுத்தாத பண்ணைகளுக்கு, இந்தப் பராமரிப்புச் செலவே பெரும் சுமையாக அமையக்கூடும் என்பது குறிப்பிடத்தக்கது.