மார்கழி ஈரமும் ஹெரால்டு காரும்

இங்கிலாந்தில் கார் வைத்திருப்பவருக்குக் குளிர்காலம் என்றால் ரேடியேட்டரில் தண்ணீர் உறைந்துவிடுமோ என்ற பயம். விருத்தாசலத்தில் குளிர்காலம் ஐப்பசி மழையில் தொடங்கி, மார்கழி, தை மாதங்களின் மூடுபனியில் முடியும். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே நெய்வேலிப் பக்கம் போகும் சாலையில் விடியற்காலையில் எதிரே வரும் லாரி கிட்டத்தில்தான் தெரியும். எதுவும் உறையாது, ஆனால் தொட்டதெல்லாம் ஈரம். பழைய பெட்ரோல் காரை மக்கர் பண்ண வைக்க அந்த ஈரமே போதும்.

ஏன் என்பது பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்காரர்களுக்கு எளிதில் புரியும். காரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளை உடம்பில் வரிவரியாக மேடுகள் இருக்கும். மின்கம்பத்து இன்சுலேட்டரிலும் அதே மடிப்புகள்தான். ஈரமும் அழுக்கும் படிந்த பரப்பில் மின்சாரம் ஊர்ந்து பக்கத்து உலோகத்துக்கு இறங்கப் பார்க்கும். மடிப்பு வைத்தால் அது கடக்க வேண்டிய தூரம் கூடும். வழவழப்பான மேல்பூச்சு இருந்தால் அழுக்கு ஒட்டாது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண்தான் விருத்தாசலத்துச் சூளைகளுக்கு வாழ்வு கொடுத்தது. பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் இந்த ஊரின் சரக்கு. பீங்கானுக்கென்றே அரசு தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் இங்கே உண்டு. கார் பிளக் மட்டும் வேறு சாதி. தொடக்கத்தில் அதுவும் பீங்கானாகத்தான் இருந்தது. என்ஜின் சூட்டைத் தாங்காமல் விரிசல் விட்டதால் 1930-களில் அலுமினாவுக்கு மாறியது.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு சின்னக் கார் இருந்தது என்றால் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான். சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-இல் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. 948 சி.சி. என்ஜின், உருவம் வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. இங்கிலாந்தில் இந்தக் கார் பிறந்த கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1953-இல் பி.எம்.சி. என்ற கார் நிறுவனம் பிஷர் அண்டு லட்லோ என்ற உடற்கூடு ஆலையை வாங்கிவிட்டது. அதை நம்பியிருந்த கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் திண்டாடியது. ஒரே கூடாக உடம்பைச் செய்ய வழியில்லாமல், தனி சேஸிஸ் போட்டு, அதன்மேல் துண்டு துண்டாகச் செய்த உடம்பை போல்ட்டால் முடுக்கி 1959-இல் ஹெரால்டை வெளியிட்டது. அங்கே வேறு வழியில்லாமல் செய்தது இங்கே பெரிய வசதியாகிப்போனது.

அன்றைக்கு இந்தியாவில் புதுக் கார் கிடைப்பது குதிரைக்கொம்பு. லைசென்ஸ் ஆட்சியில் அம்பாசடர், பியட், ஹெரால்டு என்று மூன்றே வகை. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்த காரைப் போற்றிப் பாதுகாக்கத்தான் வீட்டில் கார் ஷெட். ஸ்பேனர் செட், ஜாக்கி, கிரீஸ் டப்பா இருந்தால் அந்த ஷெட்டே பட்டறை. வசதி உள்ளவர்கள் நடுவே ஒரு குழி வெட்டிச் செங்கல் கட்டி, அதில் இறங்கி நின்று காரின் அடியைப் பார்ப்பார்கள். அடைமழையில் நிலத்தடி நீர் ஏறி அந்தக் குழி கிணறாகிவிடுவதும் உண்டு. ஹெரால்டுக்குக் குழி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அதன் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக அப்படியே மல்லாந்துவிடும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜினில் வேலை பார்க்கலாம். முன்சக்கரம் அநியாயத்துக்குத் திரும்பும். 25 அடி வட்டத்துக்குள் முழு வண்டியும் சுற்றிவிடும் என்பதால் குறுகலான சன்னதித் தெருவிலும் கவலையில்லை.

மார்கழிக் காலையில் வேலை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே வேர்த்திருப்பதைக் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். பாயின்ட் கறுத்திருந்தால் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. பிளக்கைத் துடைத்து, சோக்கை இழுத்து, செல்ஃப் அடிக்க வேண்டும். சோக்கை அதிகம் இழுத்தால் பெட்ரோல் வெள்ளமாகி பிளக் நனைந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பேட்டரி இறங்கியிருந்தால் அந்தக் காலக் கார்கள் பலவற்றுக்கு ஹேண்டில் இருந்தது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் விரல் முறிந்துவிடும்.

வண்டி கிளம்பிவிட்டாலும் ஹெரால்டுக்கு மழைச் சாலையில் ஒரு கெட்ட குணம் இருந்தது. பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அச்சில் இருந்தன. வளைவில் வேகமாகத் திரும்பும்போது பயந்துபோய் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால், பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்பக்கமாக மடங்கி, வால் வழுக்கும். பிரேக்கை நேர்ச்சாலையிலேயே போட்டுவிட்டு வளைவை நிதானமாக எடுப்பதுதான் வழி. ஹெரால்டுக்குப் பின் 1970-களில் வந்த கெசலில் நிறுவனமே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, ஒரே இறுக்கமான பின்னச்சைப் போட்டது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் ஆட்டம் மாறியது. சேஸிஸ் தனி, உடம்பு தனி என்ற கணக்கு போயிற்று. ஸ்பேனரோடு உட்கார முன்சக்கரத்தின் மேல் இடமும் இல்லை. ஆனாலும் சோக் குமிழ் மாருதியிலும் தொடர்ந்தது. 2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி, கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தபோதுதான் அதுவும் டாஷ்போர்டிலிருந்து போனது.