சாட்சியை ஆயத்தம் செய்த கைதிகள்

சாட்சி என்ற சொல் முஸ்லிம்களாகிய எமக்குப் புதியதன்று. நாம் மொழியும் கலிமாவே ஒரு சாட்சியந்தான். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சிகளை நிறுத்தவும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் பணிக்கின்றது. தமக்கும் தம் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாக அமைந்தாலும் நீதிக்காகச் சாட்சி சொல்லுமாறு சூரத்துந் நிஸாவின் 135ஆம் வசனம் வலியுறுத்துகின்றது. சாட்சி சொல்வது கடமை என்பதை மத்ரஸாவிலேயே கற்றுக்கொண்டோம். அதை எவ்வாறு சொல்வது, அதற்கு ஒரு மனிதர் தம்மை எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதை எமக்குச் சொல்லித் தந்தவர்கள் மிகக் குறைவு.

இக்கேள்விக்கு விடை தேடியபோது எனக்குக் கிடைத்தது தென்னாபிரிக்கச் சிறையொன்றில் 1960இல் நடந்த ஒரு நிகழ்வு. தமக்கென வாதாடச் சட்டத்தரணிகள் எவருமில்லாத நிலையில், கைதிகள் தாமே சட்டத்தரணிகளாகி, தம்முள் ஒருவரையே சாட்சியாக ஆயத்தம் செய்தார்கள்.

1956 டிசெம்பர் 5ஆம் திகதி அதிகாலையில் தென்னாபிரிக்கப் பொலிஸார் நாடெங்கும் வீடு வீடாகச் சென்று கைதுகளை ஆரம்பித்தனர். அன்றும் அதையடுத்த நாட்களிலும் கைதானோர் 156 பேர். அவர்களுள் 105 பேர் ஆபிரிக்கர், 23 பேர் வெள்ளையர், 21 பேர் இந்தியர், 7 பேர் கலப்பினத்தவர். தமிழ் வம்சாவளியினரான வைத்தியர் மொண்டி நாயக்கரும், இஸ்மாயில் மீர், அஹ்மத் கத்ராடா ஆகிய முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். குற்றச்சாட்டு இராசத்துரோகம். நிரூபிக்கப்பட்டால் மரணதண்டனையும் கிடைக்கலாம்.

அவர்கள் செய்ததாகச் சொல்லப்பட்டது என்ன? 1955 ஜூன் மாதத்தில் கிளிப்டவுன் என்னுமிடத்தில் கூடிய மக்கள் காங்கிரஸ், நாடு அதில் வாழும் எல்லாருக்கும் சொந்தம் என்ற அடிப்படையில் சுதந்திர சாசனத்தை ஏற்றுக்கொண்டது. வாக்குரிமை, காணியுரிமை, கல்வி என்று சாதாரண மனிதர் கேட்கக்கூடிய உரிமைகளே அதில் இருந்தன. அந்தச் சாசனமே வன்முறையால் அரசைக் கவிழ்க்கும் சதிக்குச் சான்று என்றது அரச தரப்பு. ஆயிரக்கணக்கான ஆவணங்கள் நீதிமன்றத்தில் குவிக்கப்பட்டன. கிளிப்டவுனில் உணவு விற்ற இடத்தில் தொங்கிய, 'இறைச்சி போட்ட சூப்', 'இறைச்சி போடாத சூப்' என எழுதிய இரு அட்டைகளும் அவற்றுள் அடங்கும்.

வழக்கு நீண்டுகொண்டே போனது. பலர் மீதான குற்றச்சாட்டுகள் படிப்படியாகக் கைவிடப்பட்டன. இறுதியில் பிரிட்டோரியாவில் முன்னர் யூதரின் ஜெபாலயமாக இருந்த கட்டடத்தில் மூன்று நீதிபதிகள் முன்னிலையில் 30 எதிரிகள் நின்றனர். (குற்றஞ்சாட்டப்பட்டவரை எமது நீதிமன்றங்கள் அழைக்கும் 'எதிரி' என்ற பெயரையே இங்கும் பயன்படுத்துகிறேன்.) மண்டேலா, வோல்டர் சிசுலு, கத்ராடா, லிலியன் என்கோயி, ஹெலன் ஜோசப் முதலியோர் அந்த 30 பேரில் அடங்குவர்.

ஆயத்தமில்லாத சாட்சிக்கு என்ன நேரும் என்பதை இந்த வழக்கே முன்னர் காட்டியிருந்தது. கம்யூனிசம் பற்றிய நிபுணராக அரச தரப்பு கேப்டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்ட்ரூ மறேயை அழைத்திருந்தது. எதிரிகளின் சட்டத்தரணி பெராஞ்சே சில பந்திகளை வாசித்துக் காட்டி, இவை கம்யூனிசக் கருத்துகளா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கம்யூனிசம் எனப் பேராசிரியர் அடையாளம் காட்டிய பந்திகளுள் ஒன்று அவரே முன்னர் எழுதியதாக இருந்தது. குறுக்கு விசாரணை எத்துணை கூர்மையானது என்பதைச் சிறையிலிருந்தோர் நேரில் கண்டிருந்தனர். ஒருநாள் தாமும் அந்தக் கூண்டில் ஏறவேண்டும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

அந்த நாளும் வந்தது. 1960 மார்ச்சில் எதிரிகள் தரப்புச் சாட்சியம் ஆரம்பமானது. காங்கிரஸ் தலைவர் அல்பேர்ட் லுத்துலி சாட்சியமளித்துக்கொண்டிருந்த நாட்களில், மார்ச் 21ஆம் திகதி ஷார்ப்வில் என்னுமிடத்தில் பொலிஸார் சுட்டதில் 69 பேர் உயிரிழந்தனர். 30ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. அதுவரை பிணையில் வீட்டிலிருந்து வந்துபோன எதிரிகள் கைதிகளானார்கள். ஏப்ரல் 8ஆம் திகதி ஆபிரிக்க தேசிய காங்கிரஸ் தடைசெய்யப்பட்டது. நேற்றுவரை சட்டபூர்வமாக இருந்த அமைப்பின் கொள்கையை இன்று கூண்டில் நின்று நியாயப்படுத்துவதே குற்றமாகக்கூடிய நிலை.

இவ்வாறான சூழலில் வழக்கு நடப்பது நீதியன்று எனக் காட்டுவதற்காக, எதிரிகள் தமது சட்டத்தரணிகளை விலகிக்கொள்ளச் செய்தனர். மய்செல்ஸ், பிராம் ஃபிஷர் போன்ற திறமையான சட்டத்தரணிகள் வெளியேறினர். 30 பேரில் சட்டம் பயின்று தொழில் செய்தவர்கள் மண்டேலாவும் டூமா நொக்வேயும் மட்டுமே.

அவர்கள் வகுத்த திட்டம் எளிமையானது. எதிரிகளின் பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. முதலாம் எதிரி பரீத் அடம்ஸ், டிரான்ஸ்வால் இந்திய இளைஞர் காங்கிரஸைச் சேர்ந்தவர். அவர் தமது முதற் சாட்சியாக இரண்டாம் எதிரி ஹெலன் ஜோசப்பை அழைப்பார். ஹெலனை மற்ற எதிரிகள் ஒவ்வொருவரும் வினவுவர். பின்னர் அரச தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். மீண்டும் அடம்ஸ் மீள் விசாரணை செய்வார். அது முடிந்ததும் மூன்றாம் எதிரி, பின்னர் நான்காம் எதிரி. அவசரகால நிலை நீங்கும்வரை வழக்கை இழுத்துச் செல்வதே நோக்கம். ஆனால் இழுப்பதற்கும் சாட்சியம் வேண்டும். அது பொய்யாக இருத்தலாகாது, உளறலாகவும் இருத்தலாகாது.

ஹெலன் ஜோசப் இங்கிலாந்தில் பிறந்தவர். இளமையில் ஹைதராபாத்தில் மஹ்பூபியா பெண்கள் பாடசாலையில் கற்பித்தவர். 1956 ஓகஸ்ட் 9ஆம் திகதி அனுமதி அட்டைச் சட்டத்துக்கு எதிராகப் பிரிட்டோரியாவின் அரச மாளிகைக்கு ஏறத்தாழ 20,000 பெண்கள் சென்ற ஊர்வலத்தை லிலியன் என்கோயி, ரஹீமா மூஸா முதலியோருடன் முன்னின்று நடத்தியவர். வெள்ளையர். அங்கேதான் சிக்கல். ஆணும் பெண்ணும், வெள்ளையரும் கறுப்பரும் சிறையில் ஒன்றாக அமர்வதை விதி அனுமதிக்கவில்லை. சாட்சி ஒரு சிறையில், அவரை நெறிப்படுத்தப் போகிறவர் இன்னொரு சிறையில்.

நீண்ட பேச்சுவார்த்தையின் பின்னர் அதிகாரிகள் ஒரு வழி கண்டார்கள். ஆபிரிக்க ஆண்களின் சிறைக்கு மற்றவர்கள் கொண்டுவரப்பட்டனர். வெள்ளையரான ஹெலனையும் லியோன் லெவியையும் பிரிக்க ஓர் இரும்புத் தட்டி. ஆபிரிக்கப் பெண்களைப் பிரிக்க இன்னொரு தடுப்பு. இத்தனைக்கும் மறுநாள் நீதிமன்றத்தில் இவர்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். நிறவெறியின் அறிவீனத்தை விளக்க இதைவிடச் சிறந்த பாடம் வேண்டியதில்லை.

தட்டியின் இருபுறமும் ஒத்திகை நடந்தது. நீதிமன்றத்தில் அடம்ஸ் வகிக்கப்போகும் பாத்திரத்தை மண்டேலா ஏற்றார். எழுந்து நிற்பது, நீதிபதியை விளிப்பது, கேள்வியை அமைப்பது ஆகியவற்றை அடம்ஸ் பார்த்துக் கற்க வேண்டும். ஹெலன் பதில் சொல்லிப் பழக வேண்டும். பெயரைக் கேட்டார் மண்டேலா, பதில் வந்தது. வயதைக் கேட்டார், பதில் வரவில்லை. ஐம்பத்தைந்து வயதான அந்தப் பெண்மணி, தம் வயதுக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று திருப்பிக் கேட்டார். மரணதண்டனைக்குரிய வழக்கில் சிக்குண்ட மனிதர்கள் சிறைக்குள் சிரித்தார்கள். இதைப் பின்னர் மண்டேலா தமது சுயசரிதையில் பதிவு செய்தார்.

இது வெறும் வேடிக்கைக் கதையன்று. ஆசிரியர் கலாசாலையில் எமக்கும் இவ்வாறானதொரு பயிற்சி இருந்தது. ஒருவர் ஆசிரியராக நிற்க, சக பயிலுநர்கள் மாணவர்களாக அமர்ந்து குறும்புக் கேள்விகள் கேட்பார்கள். பாடக்குறிப்பில் இருந்த குறை அங்கேதான் வெளிப்படும். ஹெலனின் ஒத்திகையும் அத்தகையதே. எந்தச் சாதாரணக் கேள்வி சாட்சியைத் தடுமாறச் செய்யும் என்பது சாட்சிக்கே முன்கூட்டித் தெரியாது. பகைவர் கேட்கும் முன்னர் அதை நண்பர் கேட்டுவிட வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்லவேண்டும். சாட்சியை ஆயத்தம் செய்வது வேறு, சாட்சிக்குப் பதிலைச் சொல்லிக் கொடுப்பது வேறு. ஆயத்தம் செய்கிறவர் கேள்வியைக் கொடுக்கிறார்; பதில் சாட்சியிடம் இருக்கிறது. சொல்லிக் கொடுக்கிறவர் பதிலைக் கொடுக்கிறார். சாட்சி அதைச் சுமக்கிறார். சுமந்து வந்த பதில் குறுக்கு விசாரணையின் மூன்றாம் கேள்வியில் கீழே விழும். தாமாகக் கண்டதும் செய்ததும் ஆன பதில் எத்தனை நாட்களானாலும் நிற்கும்.

இந்த வழக்கில் எம்மவரின் இன்னொரு பங்கையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பிரிட்டோரியாவில் வாழ்ந்த தையல்நாயகி பிள்ளை என்ற தமிழ்ப் பெண்மணி தம் உறவினருடன் சேர்ந்து வழக்கு நாட்களில் எதிரிகளுக்குச் சோறும் கறியும் சமைத்து வந்தார். சாட்சி கூண்டில் நிற்பதற்கு இவ்வாறான கைகளும் வேண்டியிருந்தன.

1960 ஓகஸ்ட் இறுதியில் அவசரகால நிலை நீங்கியது. சட்டத்தரணிகள் திரும்பி வந்து வழக்கை நிறைவு செய்தார்கள். 1961 மார்ச் 29ஆம் திகதி நீதியரசர் ரம்ஃப் தலைமையிலான நீதிமன்றம், காங்கிரஸின் கொள்கை வன்முறையால் அரசைக் கவிழ்ப்பது என்பது நிரூபிக்கப்படவில்லை எனத் தீர்ப்பளித்து எஞ்சியிருந்த எல்லாரையும் விடுதலை செய்தது. விடுதலைக்குச் சிறைக்குள் நடந்த ஒத்திகைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் நீதிமன்றத்தைக் கண்டு அஞ்சாத ஒரு பழக்கம் அங்கு உருவானது. 1962இல் மண்டேலா தம் வழக்கில் தாமே வாதாடினார். கத்ராடா 1964இல் ரிவோனியா வழக்கில் கூண்டேறிச் சாட்சியமளித்தார்; ஆயுள்தண்டனை பெற்று றொபன் தீவுக்குச் சென்றார். மண்டேலாவும் அதே தண்டனையுடன் அதே தீவுக்கே சென்றார்.

இதை யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். சாவகச்சேரியில் 15ஆம் திகதி, யாழ்நகரில் 30ஆம் திகதி. ஏறத்தாழ 75,000 பேர். இருபது ஆண்டுகள் கழித்து, 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு அமர்ந்தது. வெளியேற்றம் குறித்துச் சாட்சியங்களைத் திரட்டிய பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011இல் வெளியானது. எமது மக்கள் அவ்வாறான அமர்வுகளுக்கு முன்னால் சென்று பேசினார்கள், சிலர் அழுதார்கள்.

ஓர் அமர்வில் முதியவர் ஒருவரை நான் கண்டேன். எத்தனை மணிக்கு அறிவித்தார்கள் என்று கேட்டபோது திகைத்தார். வளவின் உறுதி எங்கே என்றபோது, எல்லாம் போய்விட்டது என்று மட்டும் சொன்னார். அவருடைய நேரம் முடிந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் பதிவாளரின் தாளில் எழுதக்கூடியதாகவும் அதில் அதிகமில்லை. முதல்நாள் இரவு அவரது பேரப்பிள்ளை எதிரே அமர்ந்து அதே கேள்விகளைக் கேட்டிருந்தால், அஸருக்கு முன்னா பின்னா, யார் வந்து சொன்னார், எந்தத் தெரு வழியே மைதானத்துக்குப் போனீர்கள் என்று கேட்டிருந்தால், அவரது நினைவு தானாக வரிசைப்பட்டிருக்கும்.

எமது நாட்டில் இதற்கு இன்னுமொரு தேவை உண்டு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும் அடிப்படை உரிமை மனுக்கள் பொதுவாகச் சத்தியக்கடதாசிகளைக் கொண்டே விசாரிக்கப்படுகின்றன. அங்கே கூண்டும் இல்லை, குரலும் இல்லை. தாள் மட்டுமே பேசும். ஆகவே எவரும் நேரில் வந்து கேட்காத கேள்விகளுக்கும் விடை அந்தத் தாளில் முன்கூட்டியே இருக்க வேண்டும். பிறர் எழுதித் தந்த வசனத்தில் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசிக்கும், உரியவரைக் கேட்டு எழுதிய சத்தியக்கடதாசிக்கும் உள்ள தூரம் பெரிது.

நாம் செய்யக்கூடியது இதுதான். முதியவர்களிடம் கதை கேட்காமல் கேள்வி கேட்போம். தாம் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்து எழுதுவோம். உறுதி, குடும்ப அட்டை, பாடசாலைப் பதிவு, புகைப்படம் எது மிஞ்சியிருந்தாலும் பிரதி எடுப்போம். எமக்கு வசதியில்லாத கேள்விகளையும் கேட்போம். திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு அழுத தமிழ் அயலவர் இருந்தாரா? எமது பொருளை மலிவு விலைக்கு வாங்கியவர் இருந்தாரா? மற்றவர்கள் துன்புற்றபோது நாம் பேசினோமா? சூரத்துந் நிஸா சொல்லும் சாட்சி இவற்றையும் உள்ளடக்கியது. எமக்குச் சாதகமானதை மட்டும் சொல்லும் சாட்சியை நீதிபதியும் நம்பமாட்டார், அயலவரும் நம்பமாட்டார்.

பிரிட்டோரியாக் கைதிகளுக்கு இடையே இரும்புத் தட்டி இருந்தது. எமக்கு இடையே அப்படியொன்றும் இல்லை. 1990இல் நாற்பது வயதாக இருந்தவர் எழுபதைத் தாண்டிவிட்டார். அவர் முன்விறாந்தையில்தான் அமர்ந்திருக்கிறார். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் அவர் எதிரே போய் அமரட்டும். முதலில் பெயரையும் வயதையும் கேட்கட்டும்.