ஊக்கத்தொகையால் பிரசவம் பாதுகாப்பாகுமா?

இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது தவறு நேர்ந்து வழக்குத் தொடுக்கப்பட்டால், மருத்துவமனைகள் சந்தா கட்டும் பொது நிதியிலிருந்து இழப்பீடு வழங்கப்படுகிறது. மூளைப் பாதிப்புடன் பிறக்கும் குழந்தைக்கு வாழ்நாள் பராமரிப்புச் செலவு தேவை என்பதால் தொகை மிகப் பெரியது.

இத்தகைய தவறுகளைக் குறைக்க 2018இல் மகப்பேறு ஊக்கத்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு நிர்வாகமும் மகப்பேற்றுக்கான சந்தாவில் 10 விழுக்காடு கூடுதலாகச் செலுத்தும். 10 பாதுகாப்பு நடவடிக்கைகளையும் நிறைவேற்றினால் அப்பணம் திரும்பக் கிடைக்கும். தவறியவர்கள் இழந்த தொகையிலும் பங்குண்டு. சிசு மரணங்களை ஆராய்வது, மருத்துவர்களும் தாதியரும் இணைந்து அவசரகாலப் பயிற்சி பெறுவது, தாய்மாரின் கருத்தைக் கேட்பது ஆகியவை அவற்றுள் சில.

ஆனால், நிறைவேற்றியதாகச் சான்றளிப்பது அந்தந்த நிர்வாகமே. ஷ்ரூஸ்பரி-டெல்ஃபோர்டு நிர்வாகம் அவ்வாறு சான்றளித்துக் கிட்டத்தட்ட 10 லட்சம் பவுண்டு பெற்றது. பின்னர் அதைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. நல்ல கவனிப்பு இருந்திருந்தால் அங்கு 201 குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என, சுமார் இருபது ஆண்டுகாலச் சம்பவங்களை ஆராய்ந்த டோனா ஒக்கெண்டன் அறிக்கை 2022இல் கூறியது.

திட்டத்தின் பலனை அளப்பதும் எளிதல்ல. எல்லா மகப்பேறு மருத்துவமனைகளும் சேர்ந்துவிட்டதால், ஒப்பிட்டுப் பார்க்கச் சேராத மருத்துவமனை இல்லை. வேறு பாதுகாப்பு முயற்சிகளும் அதே காலத்தில் நடந்தன. பணத்தை இழக்கும் மருத்துவமனைக்கே பெரும்பாலும் கூடுதல் தாதியர் தேவைப்படுவார்கள் என்பது இன்னொரு சிக்கல்.

படிவத்தில் எத்தனை கட்டங்கள் நிரம்பின என்பது அளவுகோல் ஆகாது. எத்தனை தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினர் என்பதே அளவுகோல்.